குழாயடி அழகிகளும் கில்டாவின் கவுனும்

ஸ்ட்ராப்லெஸ் கவுனை உலகத்துக்குக் கொடுத்தது பாரிஸ் என்று ஃபேஷன் சரித்திரத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள். எழுதிய மகான்கள் எவரும் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டத்து லயத்தில் சாயங்காலம் நாலு மணிக்குக் குழாயடியில் நின்றதில்லை. நின்றிருந்தால் முதல் அத்தியாயத்தையே கிழித்துப் போட்டிருப்பார்கள். அதற்கு முன்னால் முதுகில் இரண்டு வாளி வாங்கியிருப்பார்கள் என்பது வேறு விஷயம். பெண்கள் குளிக்கிற நேரத்தில் ஆம்பிளைக்கு அங்கே என்ன வேலை?

காட்சி இதுதான். வரிசையாக வாளிகள். வாளிகளுக்குப் பின்னால் மாரோடு கைலி கட்டிய பெண்கள். ஒருத்தி தோளிலும் வார் இல்லை, நாடா இல்லை, கொக்கி இல்லை, ஊக்குகூட இல்லை. இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு வாளி, காலடியில் சோப்பு நுரையோடு ஓடப்பார்க்கும் ஒரு பிள்ளை, வாயில் பக்கத்து வீட்டுக்காரியோடு ஒரு சண்டை. சண்டை உச்சத்துக்குப் போய்க் கை இரண்டும் வானத்துக்கு ஏறும். குடம் ததும்பும், பிள்ளை வழுக்கும், கங்காணியின் மூன்று தலைமுறை சந்திக்கு வரும். கைலி மட்டும் இம்மி நகராது.

இன்றைக்குப் பெரிய ஹோட்டலில் கவுன் போட்ட பெண்ணைப் பாருங்கள். ஒரு டம்ளர் ஆரஞ்சு ஜூஸை எடுக்கக் கை நீட்டுவதற்குள் நாலு முறை நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறாள். அவளுக்குள் மேற்கத்திய விஞ்ஞானத்தின் நூறு வருஷ உழைப்பு அடங்கியிருக்கிறது. எங்கள் பாட்டிமாருக்குள் ஒன்றுமே இல்லை. அதுதான் ரகசியம்.

கைலி தங்குவது எப்படி என்று தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். இரு முனையும் சேர்த்துத் தைத்த அகலமான துணி உருளை அது. அக்குளுக்குக் கீழே வரை ஏற்றி, மிச்சமுள்ள அகலத்தை ஒரு பக்கமாக இழுத்து மடித்து, நுனியை முறுக்கிச் செருகி, மேல் விளிம்பை வெளிப்புறமாக ஒரு சுருட்டு சுருட்டிவிட வேண்டும். தண்ணீர் பட்டதும் பருத்தி உடம்பைப் பிடித்துக்கொள்ளும். கத்துவதற்காக மூச்சை இழுத்தால் நெஞ்சு விரியும், கட்டு இன்னும் இறுகும். ஆக, சண்டைதான் அதன் பாதுகாப்பு ஏற்பாடு. மலாய்க்காரர்கள் இதைக் கெம்பான் என்பார்கள். யாரிடமிருந்து யார் கற்றார்கள் என்று ஆராய்ச்சி தேவையில்லை. காவிரிக்கரைப் பெண்கள் கப்பல் ஏறும் முன்பே பாவாடையைக் குறுக்குக்கட்டாகக் கட்டி ஆற்றில் முங்கியவர்கள்தான்.

அதற்கும் முந்திப் போனால் சோழர் காலத்துச் செப்புச் சிலைகளில் இதே உள்ளாடைப் பிரச்சினை நடந்துகொண்டிருக்கிறது. பெருமாளுக்கு இரண்டு பக்கமும் இரண்டு தேவியர். ஸ்ரீதேவி மார்பில் கச்சு கட்டியிருப்பாள். ஒரு பட்டைத்துணி, அவ்வளவுதான், தோளில் வார் கிடையாது. பூதேவிக்கு அதுவும் கிடையாது. சிற்ப இலக்கணம் படித்தவர்கள் இவள் மூத்தவள், அவள் இளையவள், அடையாளம் தெரிவதற்காக என்று விளக்குவார்கள். எனக்கென்னவோ ஒரே வீட்டில் இரண்டு பெண்கள் இருந்தால் எதைப் போடுவது என்பதில் ஒத்துப்போக மாட்டார்கள் என்பதைச் சிற்பி நன்றாகத் தெரிந்துவைத்திருந்தான் என்றுதான் தோன்றுகிறது. பெருமாள் இரண்டு பக்கமும் பார்க்காமல் நேரே பார்க்கிறார். அனுபவஸ்தர்.

தோளில் துணி போடாதே என்று சட்டம் போட்டவர்களும் இருந்தார்கள். திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலே துணி போட்டால் மேல்சாதிக்கு மரியாதைக் குறைவு என்று சந்தையில் வைத்துக் கிழித்தார்கள். அந்தப் பெண்கள் பல பத்து ஆண்டுகள் அடிபட்டு, உதைபட்டுப் போராடியபின் 1859-ல் மகாராஜா ரவிக்கை போட்டுக்கொள்ள அனுமதி தந்தார். அதிலும் மேல்சாதிப் பெண்களைப் போலப் போடக்கூடாது என்று ஒரு வால் வைத்தார். தோளை மூடுவதா திறப்பதா என்பதைப் பெண்ணைத் தவிர மற்ற எல்லோரும் தீர்மானித்திருக்கிறார்கள் என்பதற்கு அந்த அரசாணையைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

வெள்ளைக்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை. 1884-ல் சார்ஜென்ட் என்ற ஓவியர் பாரிஸ் கண்காட்சியில் ஒரு பெரிய வீட்டுப் பெண்ணின் படத்தை வைத்தார். கறுப்பு கவுன், தோளில் மணி கோத்த மெல்லிய வார். அதில் ஒன்று மட்டும் தோளிலிருந்து நழுவிக் கிடந்தது. ஊரே கொதித்தது. பெண்ணின் தாயார் அழுதார். சார்ஜென்ட் பிற்பாடு அந்த வாரை மறுபடி தோள்மேல் ஏற்றி வரைந்துவிட்டு லண்டனுக்கு மூட்டை கட்டினார். ஒரு வார் நழுவினால் ஆபாசம். ஐம்பது வருஷம் கழித்து வாரே இல்லாவிட்டால் நாகரிகம். இந்தக் கணக்கு எனக்கு இதுவரை புரியவில்லை.

அந்தக் காலத்தில் உள்ளே இருந்தது கார்செட். திமிங்கிலத்தின் வாய்க்குள் இருக்கும் தகடுகளைக் கீறி எடுத்துத் துணியில் வரிசையாகச் செருகி, பின்னால் கயிறு போட்டு, வேலைக்காரி முழங்காலால் முதுகை மிதித்து இறுக்குவாள். நியூயார்க்கில் மேரி ஃபெல்ப்ஸ் ஜேக்கப் என்ற பணக்கார வீட்டுப் பெண் ஒருநாள் நடனத்துக்குப் புறப்பட்டபோது, மெல்லிய கவுனுக்குள்ளிருந்து அந்தத் திமிங்கிலம் எட்டிப் பார்த்தது. வேலைக்காரியைக் கூப்பிட்டு, இரண்டு பட்டுக் கைக்குட்டை, கொஞ்சம் ரோஸ் நிற ரிப்பன் கொண்டுவரச் சொல்லி, அங்கேயே ஒரு உள்ளாடை தைத்துப் போட்டுக்கொண்டாள். 1914 நவம்பரில் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அப்புறம் அதை வார்னர் பிரதர்ஸ் கார்செட் கம்பெனிக்கு 1,500 டாலருக்கு விற்றாள். வார்னர் அதில் கோடிகளைப் பார்த்தது. தைத்த வேலைக்காரிக்கு என்ன கிடைத்தது என்று சரித்திரம் சொல்லவில்லை. சரித்திரத்துக்கு வேலைக்காரிகள் என்றால் வாய் ஒட்டிக்கொள்ளும்.

ஆனால் கைக்குட்டையும் ரிப்பனும் தோளில் தொங்கத்தான் செய்யும். தோளை விட்டுவிட்டு நெஞ்சைச் சுற்றியே நிற்க வேண்டுமென்றால் இழுபட்டுத் திரும்பிவரும் ஒரு சாமான் வேண்டும். அந்தச் சாமான் விளைந்த இடம்தான் எங்கள் ஊர்.

கித்தா என்று நாங்கள் சொல்லும் ரப்பரை உடுப்பில் சேர்க்கலாம் என்று முதலில் கண்டவர் லண்டன்காரர் தாமஸ் ஹான்காக். 1820-லேயே கையுறை, காலுறைக்கு ரப்பர் பட்டி வைக்கக் காப்புரிமை வாங்கிவிட்டார். பாவம், அப்போது ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். ஆகஸ்டில் காலில் ஒழுகிய காலுறை ஜனவரியில் உடைந்திருக்கும். குட்இயர் என்பவர் கந்தகம் சேர்த்துச் சுட்டு அதைக் கட்டுக்குள் கொண்டுவந்து காப்புரிமை வாங்க 1844 ஆகிவிட்டது. அப்புறம் வெள்ளைக்காரனுக்கு மரம் தேவைப்பட்டது. மரம் பிரேசிலில் இருந்தது. 1876-ல் ஹென்றி விக்கம் என்பவர் அங்கிருந்து 70,000 விதைகளைக் கப்பலேற்றி லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தது நூற்றுக்கு நாலுகூட இல்லை. மறுவருஷம் 22 கன்று சிங்கப்பூர் வந்தது. அதிலிருந்து சில கோலகங்சாருக்கு வந்து, பேராக் ரெசிடெண்ட் ஹியூ லோவின் வீட்டுத் தோட்டத்தில் இறங்கின. ஆயர் தாவாரிலிருந்து கோலகங்சார் காரில் போய்விட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடும் தூரம். அந்தக் காலத்து மரம் ஒன்று இன்னும் அங்கே நிற்கிறது. கும்பிடுகிறவர்கள் கும்பிடலாம், உலகத்தின் பாதி ஜட்டி இடுப்பில் நிற்பதற்கு அது ஒரு குலதெய்வம்.

மரம் வந்துவிட்டது, நடுவதற்கு ஆளில்லை. காப்பி போட்டிருந்த துரைமார் திரும்பிப் பார்க்கவில்லை. 1888-ல் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவுக்கு டைரக்டராக வந்த ரிட்லி சட்டைப்பையில் விதையை நிரப்பிக்கொண்டு, சந்திக்கிற துரைமாரிடமெல்லாம் நடுங்கள் நடுங்கள் என்று கெஞ்சினார். பைத்தியக்கார ரிட்லி என்று பெயர் வைத்தார்கள். மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மட்டும் சாய்வாகச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தவரும் அவர்தான். பிடிவாதம் பிடித்த மனிதர். 83 வயதில் கல்யாணம் செய்துகொண்டு, நூறைத் தாண்டி, 1956-ல்தான் போனார். அதற்குள் அவர் விதை போட்ட மலாயா கார் டயருக்கும் கார்செட்டுக்கும் சேர்த்துப் படியளந்துகொண்டிருந்தது.

இப்போது எங்கள் பக்கத்துக்கு வருவோம். 1903-ல் சீனாவின் பூச்சாவ் பக்கத்திலிருந்து மெதடிஸ்ட் கிறிஸ்தவர்கள் சித்தியவானுக்கு வந்து குடியேறினார்கள். காடு வெட்டிக் கித்தா போட்டார்கள். அவர்கள் பிள்ளைகள் ஆயர் தாவார் வரை பரவினார்கள். பெரிய தோட்டங்களில் கங்காணி சொன்ன கதையை நம்பித் திருச்சி, சேலம், தஞ்சாவூர்ப் பக்கங்களிலிருந்து வந்து இறங்கியவர்கள் நம்மவர்கள். 1920களின் கடைசியில் அரசாங்கம் நிர்ணயித்த நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ஒரே மரம், ஒரே உளி, ஒரே கொசு. பத்துக் காசு வித்தியாசம் எதற்கு என்று கேட்டால், பெண் குறைவாகச் சாப்பிடுவாள் என்று துரைக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். சொன்னவன் எங்கள் பாட்டி சாப்பிட்டுப் பார்த்ததில்லை.

விடியும் முன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போகும்போது அந்தப் பெண்களின் அலங்காரத்தைப் பார்க்க வேண்டும். சேலையோ கைலியோ, அதன்மேல் புருஷனின் பழைய முழுக்கைச் சட்டை, அதன்மேல் இடுப்பில் சாக்கு, தலையில் முண்டாசு, காலில் கிழிந்த காலுறை. எல்லாவற்றின்மேலும் காய்ந்த பால் கறுத்துப்போய்ப் பாளம் பாளமாக ஒட்டியிருக்கும். சாயங்காலம் அதே பெண் ஒற்றைக் கைலியில் குழாயடிக்கு வருவாள். துரைசாணி இதற்கு நேரெதிர். காலையில் லேசான பருத்தி கவுனில் வராந்தாவில் உட்கார்ந்திருந்தவள், சாயங்காலம் ஈப்போ கிளப்புக்குப் போகும்போதுதான் எலும்பும் இறுக்கமுமாக உள்ளே ஒரு கோட்டை கட்டிக்கொண்டு, அதன்மேல் தோள் தெரிகிற கவுனை மாட்டுவாள். பேராக் வெயிலில், ஃபேன் சுற்றுகிற ஹாலில், நடனம் வேறு. நாகரிகத்துக்காக வியர்வையில் வேகிறவர்களை நான் எப்போதும் மரியாதையோடுதான் பார்க்கிறேன்.

கோட்டைக்கு விடிவு 1931-ல் வந்தது. லாஸ்டெக்ஸ் என்றொரு நூல். அதுவரை ரப்பர் ஷீட்டைக் கத்தரித்துப் பட்டையாகத்தான் உடுப்பில் வைத்தார்கள். தடித்தது, சதுரமானது, உடம்பில் தடம் போடும். லாஸ்டெக்ஸ்காரர்கள் ரப்பர்ப் பாலைப் பாலாகவே சன்னத் துளையில் பீய்ச்சி உருண்டை நூலாக்கி, மேலே பருத்தியோ பட்டோ சுற்றிவிட்டார்கள். இதற்குப் பால் கட்டிதட்டாமல் கடல் தாண்ட வேண்டும். அதற்கு அமோனியா. பால் ஸ்டோர் வாசலில் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடி வளர்ந்தவர்களுக்குத் தெரியும் அந்த நெடி. அதே நெடியோடு கப்பலேறிய பால்தான் நியூயார்க் கடைகளில் வாசனை தெளித்த பெட்டிக்குள் உள்ளாடையாகப் படுத்திருந்தது.

காலத்தின் குறும்பைப் பாருங்கள். உலகமே பணமில்லாமல் தடுமாறிய நேரம் அது. கித்தா விலை ஒரு ராத்தல் பத்துக் காசுக்கும் கீழே விழுந்து, தோட்டங்களில் ஆள் குறைத்து, நம்மவர்களை ஆயிரக்கணக்கில் ஊருக்குக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்த வருஷங்களில்தான் பாரிசில் மெயின்போஷர் போன்ற உடை வடிவமைப்பாளர்கள் வாரைக் கத்தரித்துத் தோளை விடுதலை செய்தார்கள். துணியை மிச்சம் பிடிக்கத்தான் அப்படிச் செய்தார்களோ என்றால், இல்லை, கீழே தரை கூட்டுகிற மாதிரி முழம் முழமாக விட்டிருந்தார்கள்.

1942-ல் ஜப்பான்காரன் சைக்கிளில் வந்து மலாயாவைப் பிடித்தான். அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த ரப்பரில் பத்தில் ஒன்பது பங்கு ஒரே அடியாக நின்றது. அந்த அரசாங்கம் பெண்களின் உள்ளாடையிலும் கை வைத்தது. இடுப்புக்கச்சைக்கு இனி ரப்பர் கிடையாது என்றார்கள். பெண்கள் போட்ட சத்தத்தில் அப்புறம் கொஞ்சம் இறங்கிவந்தார்கள். போர் நடத்தலாம், ஆனால் ஆலைக்கு வேலைக்குப் போகிற பெண்ணின் முதுகுவலியோடு மோத முடியாது என்பது அதிகாரிகளுக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. ஜூனில் ரூஸ்வெல்ட் ரேடியோவில் வந்து, பழைய டயர், தோட்டத்துக் குழாய், மழைக்கோட்டு, குளிக்கும் தொப்பி, எது கிடந்தாலும் பெட்ரோல் நிலையத்தில் கொண்டுவந்து போடுங்கள், ராத்தலுக்கு ஒரு செண்ட் என்றார்.

பால் இருந்த இடத்தில் கதை வேறு. மரம் நின்றது, வாங்க ஆளில்லை. துணி கிடையாது. கோணிச் சாக்கில் கழுத்துக்கும் கைக்கும் ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டார்கள். இந்தோனேசியாப் பக்கம் ரப்பர் ஷீட்டையே உடுத்தியவர்களும் உண்டு. நியூயார்க்காரி கனவு கண்ட முழு ரப்பர் உடை, மூட்டைப்பூச்சியோடு. ஜப்பான்காரர்கள் ஆண்களை லாரியில் ஏற்றிச் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள், பலர் திரும்பவில்லை. லயத்தில் மிஞ்சியவை கிழிந்த கைலிகளும் அவற்றைக் கட்டிக்கொண்ட பெண்களும்தான்.

போர் முடிந்த மறுவருஷம் கில்டா என்ற ஹாலிவுட் படம் வந்தது. ரீட்டா ஹேவர்த் கறுப்பு சாட்டின் கவுனில், தோளில் ஒரு நூல்கூட இல்லாமல், பாடிக்கொண்டு, ஆடிக்கொண்டு, நீளக் கையுறையைக் கழற்றி வீசுகிறாள். கவுன் விழவில்லை. விழாது என்று தெரிந்தும் விழுமோ என்று உலகம் முழுக்க ஆண்கள் இரண்டாம் ஆட்டத்துக்கும் டிக்கெட் எடுத்தார்கள். படம் எடுப்பதற்குச் சில மாதம் முன்புதான் ரீட்டா பிள்ளை பெற்றிருந்தாள். உடை வடிவமைத்த ஜான் லூயி உள்ளே ஒரு கடிவாளமே கட்டியிருந்தார். மார்புக்குக் கீழே இறுக்கிய நாடா, நடுவில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று மூன்று எலும்புக் குச்சிகள், மேல் விளிம்பில் நெருப்பில் காட்டி இளக்கி உடம்புக்கு வளைத்த பிளாஸ்டிக். ஆக அவள் ஆடவில்லை, ஒரு பாலம் ஆடியது. குழாயடியில் இதைவிடப் பெரிய ஆட்டங்கள் பிளாஸ்டிக் இல்லாமலே நடந்திருக்கின்றன; கேமரா மட்டும்தான் அங்கே இல்லை.

1952-ல் பழைய வார்னர் கம்பெனியே வந்து, லானா டர்னர் நடித்த ஒரு படத்தின் பெயரை வைத்து மெர்ரி விடோ என்ற உள்ளாடையை இறக்கியது. நெஞ்சிலிருந்து இடுப்பு வரை ஒரே துண்டு, நைலான், எலும்பு, இலாஸ்டிக், பின்னால் பொறுமையைச் சோதிக்கும் கொக்கி வரிசை. ஸ்ட்ராப்லெஸ் கவுனுக்கு உள்ளே போட இதைவிட உறுதியான சாமான் அதுவரை வந்ததில்லை. போட்டவர்கள் உட்காரவும் சாப்பிடவும் சிரிக்கவும் யோசிக்க வேண்டியிருந்தது. விதவை மட்டும்தான் அதில் குஷியாக இருந்திருப்பாள்.

அதே 1952-ல் எங்கள் பக்கத்துப் பெண்களுக்கும் உள்ளாடைப் பிரச்சினை வந்தது, வேறு விதமாக. காட்டில் கம்யூனிஸ்டுகளோடு அரசாங்கம் போரிட்ட அவசரகாலம். கம்யூனிஸ்டுத் தலைவர் சின் பெங் வேறு எங்கோ பிறந்தவர் இல்லை, சித்தியவான் சைக்கிள் கடைக்காரர் மகன். காட்டில் இருப்பவர்களைப் பட்டினி போட்டு வெளியே கொண்டுவருவது அரசாங்கத்தின் திட்டம். மரம் சீவப் போகிறவர்கள் மத்தியானச் சோறுகூட எடுத்துப்போகக் கூடாது. வேலி, கேட்டு, சோதனை. பால்வாளிக்கு இரட்டை அடி, சைக்கிள் குழாய்க்குள் அரிசி, உடுப்புக்குள் உப்பு என்று அனுப்புகிறவர்கள் அனுப்பிக்கொண்டுதான் இருந்தார்கள். அதனால் கேட்டில் நிற்கிறவர்களின் கை பெண்களின் துணிவரை வந்தது. 1956-ல் சிலாங்கூர் செமினியில் சோதனை என்ற பெயரில் பெண்களைத் துணி களையச் சொன்ன விவகாரம் வெடித்து, விசாரணைக் கமிஷன் உட்கார்ந்து அறிக்கையே போட வேண்டியதாயிற்று. பெண்ணின் உள்ளாடை பற்றி அரசாங்கம் அச்சிட்ட அறிக்கைகளை யாராவது ஒரு அலமாரியில் அடுக்கினால் திருவிதாங்கூர் ஆணை ஒரு கோடியிலும் செமினி மறுகோடியிலும் நிற்கும், நடுவில் வாஷிங்டன்.

அப்புறம் வந்தது லைக்ரா. 1958-ல் டுபாண்ட் கம்பெனியில் ஜோசப் ஷிவர்ஸ் என்ற வேதியியல்காரர் கண்டுபிடித்தது. ரப்பரைவிட மெல்லியது, வியர்வைக்கும் எண்ணெய்க்கும் அசராதது, மரம் வேண்டாம், உளி வேண்டாம், விடியக்காலைக் கொசு வேண்டாம். உள்ளாடைக்காரர்கள் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் தாவினார்கள். இங்கே துரைமாரும் அவர்களுக்குப் பின் வந்த கம்பெனிகளும் கித்தாவைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். லயம் காலியாகி, நம்மவர்கள் ஆயர் தாவார், சித்தியவான், ஈப்போ என்று தாமான் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். குளியலறைக்குக் கதவு வந்தது. மாரோடு கட்டிய கைலிக்கு ரசிகர்கள் இல்லாமல் போனார்கள்.

ஆனாலும் ரப்பர் நூல் சாகவில்லை. மலேசிய ஆலைகள் அதை மலை மலையாக நூற்று, உலகத்துக்குச் சாக்ஸுக்கும் ஜட்டிக்கும் அனுப்பின. எவ்வளவு மலிவாக என்றால், 1992-ல் அமெரிக்க அரசாங்கம் மலேசிய ரப்பர் நூலுக்குப் பொருள்குவிப்புத் தடுப்பு வரி போட்டது. ஐம்பது வருஷம் முன்பு பழைய குளியல் தொப்பியைக் கொடு என்று கெஞ்சிய நாடு. இப்போது வேண்டாம், ரொம்ப வருகிறது என்று கதவைச் சாத்தியது.

இன்றைய நிலவரம். எங்கள் மஞ்சோங் வட்டாரத்தில் எந்த மண்டபத்துக்குப் போனாலும் காலையில் பட்டுச்சேலை, இரவு ரிசப்ஷனுக்கு கவுன். என் தங்கை மகளுக்கு வாடகைக்கு எடுத்த கவுன் ஷாம்பெயின் நிறத்தில், தோள் இல்லாமல் வந்து ஹாங்கரில் தொங்கியது. பாட்டி அதைச் சுற்றிவந்து பார்த்தார்.

“இத எங்கடி மாட்டுறது?”

“எங்கயும் மாட்ட வேணாம் பாட்டி. அதுவா நிக்கும்.”

“அதுவா நிக்கிறதுக்கு அது என்ன தொர வீட்டு நாயா? உள்ள என்னா போடப்போற?”

அதுதான் கேள்வி. கடைக்காரப் பெண் நாலு சாமான்களை மேசையில் பரப்பினாள். முதலாவது வாரில்லாத பிரா, உள்விளிம்பில் சிலிக்கான் பட்டை வைத்தது. இதை நான் ஆதரிக்கிறேன். பாரத்தைத் தாங்குவது வார் இல்லை, நெஞ்சைச் சுற்றும் பட்டைதான் என்பதை ஒப்புக்கொண்டு தைத்த ஒரே சாமான் இது. அதனால் வழக்கமாகப் போடுவதைவிடப் பட்டை அளவில் ஒன்று குறைத்து, கப்பில் ஒன்று கூட்டி வாங்க வேண்டும். போட்டபின் இரண்டு விரலுக்குமேல் உள்ளே போகக் கூடாது. இரண்டாவது, மெர்ரி விடோவின் பேத்தி: எலும்பு வைத்த பஸ்டியர். உறுதியில் குறை சொல்ல முடியாது, ஆனால் விருந்தில் பிரியாணி இருந்தால் யோசிக்கவும். மூன்றாவது, பசை வைத்த சிலிக்கான் கப். குளிர்தேசத்து மூளையில் உதித்தது. நம் ஊர்ப் புழுக்கத்தில், ஆயிரம் பேர் மண்டபத்தில், முதல் பாட்டுக்குள் ஒன்று தெற்கே புறப்பட்டுவிடும். நாலாவது, கண்ணுக்குத் தெரியாத வார் என்று விற்கும் கண்ணாடி பிளாஸ்டிக். அது கண்ணுக்குத் தெரியாது என்று நம்புகிறவர் போட்டவர் ஒருவர் மட்டுமே.

இன்னொரு சங்கடம் கடைக்காரிக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரியும். முந்தின நாள் நலங்கு. அத்தைமார் வரிசையில் நின்று எண்ணெயும் மஞ்சளும் சந்தனமுமாகப் பூசுவார்கள். சிலிக்கானுக்கும் பசைக்கும் முதல் எதிரி எண்ணெய், இரண்டாவது பவுடர். கல்யாணப் பெண் இரண்டிலும் ஊறி எழுந்து வருகிறாள். “இந்தத் தடவ கழுத்துக்குக் கீழ எண்ண வேணாமே அத்த” என்று பெண் கேட்டாள். “உங்கப்பன் காலத்துல இருந்து வர்ற வழக்கம்டி” என்றார் அத்தை. பூசினார்கள். நிறையவே பூசினார்கள்.

“பேசாம கைலி மாதிரி ஒரு செருகு செருகிடு” என்றார் பாட்டி. சாட்டினைக் கையில் எடுத்து மடித்தும் பார்த்தார். பருத்தி பிடிக்கும், சாட்டின் வழுக்கும். முறுக்கிய நுனி அவர் விரலிலிருந்தே நழுவிப் போனது. “துணியா இது, வெலாங்கு மாதிரி இருக்கு” என்று கீழே போட்டுவிட்டார்.

மிச்சமிருந்த யோசனைகளையும் கெடுத்தது மாப்பிள்ளையின் உயரம். ஆறடி. ரிசப்ஷன் மேடையிலும் ஒருமுறை மாலை மாற்ற வேண்டும் என்று சம்பந்தி வீட்டில் சொல்லிவிட்டார்கள். ஆறடிக்கு மாலை போடப் பெண் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கியாக வேண்டும், அதுவும் இரண்டு குடும்பமும் போன் பிடித்துக்கொண்டு நிற்கும்போது. பெண் வீட்டில் ஒத்திகை பார்த்தோம். என் தம்பியை நாற்காலி மேல் ஏற்றி நிறுத்தினோம். பெண் கை தூக்கினாள். தம்பி கண்ணை மூடிக்கொண்டான்.

மறுநாள் காலை கவுனைத் தூக்கிக்கொண்டு சித்தியவான் தையற்கடைக்கு ஓடினோம். தையற்காரம்மா உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, கப்பை உள்ளேயே வைத்துத் தைத்து, இடுப்பில் ஒரு இறுக்கு நாடா ஓட்டி, கவுன் நிறத்திலேயே இரண்டு அங்குல அகலத்துக்கு நல்ல இலாஸ்டிக்காக இரண்டு வார் வெட்டி, தோளில் வைத்துக் குண்டூசி குத்திக்கொண்டே கேட்டார்: “இப்படி வார் வச்சதே கடையில பாதி வாடகைக்குக் கெடைக்குமே, அத எடுத்திருக்கலாமில்ல?”